குழலோன் பெயர்: திரையிசையில் சாக்சபோன் கலைஞர் நிலை

முன்னுரை

பரிபாடலைப் பாடமாக நடத்துங்கால், பாட்டின் இறுதியில் நிற்கும் சிறு குறிப்பைப் பலரும் விரைந்து கடந்து விடுவர். பாடினார் பெயரையும் இசை வகுத்தார் பெயரையும் பண்ணின் பெயரையும் கூறுவது அக்குறிப்பு. தண்டையார்பேட்டையில் யாம் தமிழ் பயிற்றும் முதுகலை வகுப்பில் ஒருநாள் அக்குறிப்புகளை விளக்கிக் கொண்டிருந்தோம். அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பாடியவர் பெயர் இருக்கிறது, இசையமைத்தவர் பெயரும் இருக்கிறது, வாசித்தவர் பெயர் எங்கே?" என்று வினவினார்.

அவ்வினா வெறும் நூலறிவின்பாற் பிறந்ததன்று. அவர்தம் தந்தையார் திருமண ஊர்வலங்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் பேண்டு வாத்தியக் குழுவோடு சாக்சபோன் வாசிப்பவர். இளமையில், அழைப்பு வந்த நாள்களில், தண்டையார்பேட்டையில் இரயிலேறிக் கோடம்பாக்கம் சென்று திரைப்பாடல்களுக்கும் வாசித்தவர். எப்பாடல்களில் வாசித்தார் என்பதற்கு அவர் நினைவையன்றி வேறு சான்றில்லை. அந்நினைவும் தளர்ந்து வருகிறது என்றார் மாணவர். அன்று எம்மால் நேரிய விடை கூற இயலவில்லை. காலந்தாழ்ந்து யாம் கூறும் விடையே இக்கட்டுரை.

திரைப்பாடலை இலக்கியமாகக் கொண்டு ஆராயும் முயற்சிகள் நம் துறைகளில் பெருகியுள்ளன. பாடலாசிரியர் பற்றியும் இசையமைப்பாளர் பற்றியும் ஆய்வேடுகள் வருகின்றன. எனினும் இசைக்கருவியாளர் அவ்வாய்வுகளில் இடம் பெறுவது அரிது. இவ்விடுபாடு ஆய்வின் குறையா, ஆய்வுப் பொருளின் இயல்பா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட வினா. சாக்சபோன் என்னும் ஒரு கருவியை மட்டும் சான்றாகக் கொண்டு அதனை ஆராய்வோம்.

பழந்தமிழ் மரபில் மூன்று நிலைகள்

முதற்கண், மாணவர் வினாவிற்குப் பழநூல்கள் தரும் விடையைக் காண்போம். உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலில், 70 பாடல்களுள் நமக்கு முழுமையாகக் கிட்டியவை 22 ஆகும். அவற்றுட் பெரும்பாலானவற்றிற்கு மேற்கூறிய குறிப்பு உண்டு. சான்றாக, ஆறாம் பாடலைப் பாடியவர் ஆசிரியன் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ். இசை வகுத்தவர் மருத்துவர் என்னும் செய்தியையும் அக்குறிப்புக் காத்து வந்துள்ளது. பதினான்காம் பாடலைப் பாடிய கேசவனாரே அதற்கு இசையும் வகுத்தார் என்பதும் அதனாலேயே தெரிய வருகிறது. பாடலின் சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என இருவர்க்கும் உரிய இடம் அளித்த மரபு இது. எனினும் அவ்விசையை யாழிலும் குழலிலும் எழுப்பியவர் பெயர் அங்கில்லை. மாணவர் கண்டது சரியே.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இரண்டாம் நிலையைக் காட்டுகிறது. மாதவி அரங்கேறுதற்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்தம் தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியே வகுத்துரைக்கிறார். குழலோன் எதனை அறிந்திருத்தல் வேண்டும், விரல்களை எங்ஙனம் இயக்குதல் வேண்டும் என்னும் அளவிற்கு அப்பகுதி நுண்மையானது. அடியார்க்கு நல்லார் உரையோ அதனை மேலும் விரிக்கிறது. கருவியாளர்தம் கலைக்கு இத்துணை மதிப்பளித்த காப்பியம் அவருள் ஒருவர் பெயரையும் கூறவில்லை. மாதவி பெயர் நின்றது. அவள் ஆடலைத் தாங்கிய குழலோன் பெயர் நிற்கவில்லை.

மூன்றாம் நிலையைச் சேக்கிழாரிடம் காண்கிறோம். திருஞானசம்பந்தர் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், அறுபத்து மூவருள் ஒருவராகப் பெயரோடும் ஊரோடும் போற்றப் பெறுகிறார். திருத்தருமபுர நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக இயைபுடையது. பதிகம் சிறத்தற்கு யாழ்ப்பாணர் யாழில் வாசிப்பதே காரணம் என்று அவர்தம் சுற்றத்தார் கூறினர். அது கேட்டுப் பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பாடல் ஒன்றை அருளுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறெழுந்த யாழ்மூரிப் பதிகத்தை யாழில் இசைக்க இயலாது போகவே, கருவியை உடைக்கவும் துணிந்தார். சம்பந்தர் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார். பக்தி வரலாறாக நாம் பயிலும் இந்நிகழ்ச்சியில், பாட்டின் புகழில் கருவியாளர்க்குப் பங்குண்டா என்னும் வழக்கும் அடங்கியுள்ளது. பாடினாரும் வாசித்தாரும் ஒருவரையொருவர் அறிந்து, உடன் நடந்து, பெயர் சொல்லி அழைத்து வாழ்ந்தமையால்தான் அவ்வழக்கு எழவும் முடிந்தது, தீரவும் முடிந்தது.

எனவே, இசை வகுத்தார் பெயர் கூறல், கருவியாளர் திறம் கூறல், கருவியாளர் பெயர் கூறல் என மூன்று நிலைகள் நம் மரபில் உள்ளன. தமிழ்த் திரையுலகம் இவற்றுள் முதல் நிலையை மட்டுமே பெரும்பாலும் மேற்கொண்டது. விசுவநாதன் - இராமமூர்த்தி இருவர் பெயரும் திரையில் வந்தன, ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் முதலிய உதவியாளர் பெயர்களும் வந்தன. அதற்கப்பாலுள்ளார் அனைவரும் 'இசைக்குழு' என்னும் ஒரு சொல்லில் அடங்கினர்.

கருவியும் திணையும்

சாக்சபோன் பெல்சிய நாட்டினரான அடால்ப் சாக்ஸ் என்பார் படைத்தது. 1846இல் பிரெஞ்சு நாட்டில் அதற்கு அவர் தனியுரிமை பெற்றார். உடல் பித்தளையாலானது, ஒலி பிறப்பதோ நாணலாற் செய்த ஒற்றை நாக்கினால். நாகசுரத்தில் சீவாளி செய்யும் தொழிலை இந்நாக்குச் செய்கிறது. படைக்குழுக்களின் வழியும் மாதா கோயில்களின் வழியும் ஆங்கில நடன அரங்குகளின் வழியும் மேலைக் காற்றுக் கருவிகள் நம் நாட்டு நகரங்களில் பரவின. துறைமுகமும் இரயில் தொழிற்சாலைகளும் கோட்டையும் அமைந்த வடசென்னையில் அவை ஊர்வல வாத்தியங்களாகவும் வேரூன்றின.

தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துக் கூறினார். இசைக்கருவி ஒரு நிலத்தையும் அந்நிலத்து ஒழுக்கத்தையும் சுட்டும் என்பது அவர் கருத்து. இக்கோட்பாடு திரையிசைக்கும் பொருந்துவதைக் காணலாம். வீணை ஒலித்தால் மனையும், நாகசுரம் ஒலித்தால் மணமும், புல்லாங்குழல் ஒலித்தால் சிற்றூரும் கேட்போர் உள்ளத்தில் தோன்றுமாறு நம் திரைப்படங்கள் பழக்கின. 1960களின் படங்களில் சாக்சபோனுக்குப் பெரும்பாலும் வாய்த்த நிலம் இரவு நடன விடுதி. மதுவும் மயக்கமும் மேலையுடையும் அதன் உடனிகழ் பொருள்கள். கதைத்தலைவி அழுமிடத்து அக்கருவி ஒலித்தல் அரிது. அவளுக்கு மாறானவள் ஆடுமிடத்தே அது ஒலிக்கும்.

திரையில் இங்ஙனம் ஒழுக்கக் குறைவின் குறியாக நின்ற அதே கருவி, தண்டையார்பேட்டைத் தெருக்களில் மணமகனை முன்னின்று அழைத்துச் சென்றது. இறந்தாரை வழியனுப்பியும் வைத்தது. காசிமேட்டுக் கடலோரம் நெய்தல் நிலம். அங்கே அது வாழ்வின் இரு பெருஞ் சடங்குகளுக்கும் உரிய கருவியாயிற்று. ஒரே கருவியாளர் காலையில் ஒரு திணையிலும் மாலையில் மற்றொரு திணையிலும் வாழ்ந்தார் என்க.

ஒலிப்பதிவுக் கூடத்தின் முறை

கருவியாளர் பெயர் மறைந்தமைக்கு, யாரும் வேண்டுமென்று மறைத்தனர் என்பதினும் தொழிலின் அமைப்பே முதற்காரணம். முற்காலத்தில் பாடகரும் இசைக்குழுவினர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க, பாடல் முழுமையும் ஒரே ஓட்டத்தில் பதிவாகும். ஒருவர் தவறினும் அனைவரும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். கருவியாளர்க்கு ஊதியம் 'கால்ஷீட்' என்னும் நேரக்கூற்றின்படி அளிக்கப்படும். வந்தவுடன் இசைக்குறிப்பு எழுதிய தாள் முன்வைக்கப்படும், ஒத்திகை நிகழும், பதிவு முடியும், ஊதியம் பெற்று அடுத்த கூடத்திற்குச் செல்வர். படத்தின் பெயரையோ பாடலின் பொருளையோ அறியாது வாசித்துச் செல்லுதலும் இத்தொழிலில் இயல்பே.

பின்னர்ப் பலதடப் பதிவு வந்தது. கருவிகளைத் தனித்தனியே வெவ்வேறு நேரங்களில் பதிவு செய்யலாயிற்று. அதனால் பிழை திருத்தல் எளிதாயிற்று. ஆயின் கருவியாளர் ஒருவரையொருவர் காணும் வாய்ப்புக் குறைந்தது. 1980களிலும் 1990களிலும் மின்னணு இசைப்பலகைகள் பெருகின. ஒருவர் முன்பு ஊதிப் பதித்த ஒலியைச் சேமித்து வைத்து, வேறொருவர் விசைப்பலகையில் வேண்டியவாறு எழுப்பும் முறை வந்தது. பெயரின்றி வாசித்தார் ஒலி, வாசிப்பாரின்றியே ஒலிக்கத் தொடங்கியது.

மனோகரி சிங்

இம்முறைக்குள் நின்று வாழ்நாள் முழுதும் தொழில் செய்து, பெயரும் எய்திய ஒருவரை இந்தித் திரையிசையில் காண்கிறோம். அவர் வரலாற்றை நோக்கினால், பெயர் எவ்வழியாற் கிட்டுகிறது என்பது விளங்கும்.

மனோகரி சிங் 1931இல் கல்கத்தாவில் பிறந்தவர்; நேபாள மரபினர்; பேண்டு இசைக் குடும்பத்தினர். 1958இல் இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியின் தூண்டுதலால் பம்பாய் சென்றார். எஸ்.டி. பர்மன் இசையமைத்த 'சிதாரோன் சே ஆகே' என்னும் படத்தில் அவர்தம் சாக்சபோன் தனித்து ஒலித்தது. அதன்பின் அரைநூற்றாண்டு அளவும் அவர் வாசித்தார். சாக்சபோனோடு புல்லாங்குழல், கிளாரினெட், மாண்டலின் ஆகியவற்றிலும் வல்லவர். ஆர்.டி. பர்மனிடத்து வாசுதேவ சக்கரவர்த்தியோடு இணைந்து இசைக்கோவை அமைக்கும் பொறுப்பையும் ஏற்றார். அவ்விருவரும் 'பாசு - மனோகரி' என்னும் பெயரால் 1976இல் 'சப்சே படா ரூப்பையா' என்னும் படத்திற்குத் தாமே இசையமைத்தனர். 2010இல் பம்பாயில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. மனோகரி சிங் பெயர் ஏட்டில் ஏறியது, அவர் இசைக்கோவை அமைப்பாளராகவும் பின்னர் இசையமைப்பாளராகவும் உயர்ந்த நிலையில்தான். ஊதியதற்காக மட்டும் அவர் பெயர் திரையில் நிலைபெறவில்லை. கேட்போருள் ஆர்வலர் சிலர் அவர் ஊதிய பகுதிகளைச் செவியால் இனங்கண்டு சொல்லிச் சொல்லியே அவ்வரலாற்றைக் காத்தனர். சுவடியில் இல்லாத குறிப்பைச் செவி வழக்குக் காத்தது எனலாம்.

கத்ரி கோபால்நாத்தும் 'டூயட்'டும்

தமிழ்த் திரையிசையில் சாக்சபோன் என்றவுடன் நினைவிற்கு வருபவர் கத்ரி கோபால்நாத். 1949இல் மங்களூர்ப் பகுதியில் பிறந்தவர். தந்தையார் நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனைப் பேண்டுக் குழுவில் சாக்சபோனைக் கண்டு அதன்பால் ஈடுபட்டு, அதில் கருநாடக இசையை வாசிக்கத் துணிந்தார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று மேடையேறினார். 1994இல் இலண்டன் பி.பி.சி. இசைவிழாவில் வாசித்தார், 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2019இல் மறைந்தார்.

இலண்டன் மேடை கண்ட அதே 1994இல்தான் கே. பாலசந்தர் இயக்கத்தில் 'டூயட்' வெளிவந்தது. ஏ.ஆர். ரகுமான் இசை, வைரமுத்து பாடல்கள். அண்ணன் தம்பி இருவரும் இசைவாணர். இருவரும் ஒரு பெண்ணை விரும்புகின்றனர். அண்ணனாக நடித்த பிரபு சாக்சபோன் கலைஞன். திரையில் தோன்றும் விரல்கள் பிரபுவினுடையவை. செவியிற் படும் மூச்சுக் கோபால்நாத்தினுடையது.

திறனாய்வு நோக்கில் இப்படம் செய்த பெருஞ்செயல், சாக்சபோனைத் திணை மாற்றியது. விடுதிக்குரிய கருவி இங்கே சொல்லவியலாக் காதலின் கருவியாயிற்று. தொல்காப்பிய உரைகாரர் கூறும் திணைமயக்கம் போன்றது இது. இம்மாற்றத்தைக் கதை மட்டும் செய்திருத்தல் இயலாது, வாசிப்பே செய்தது. 'என் காதலே' என்னும் பாடல் கல்யாணவசந்த இராகத்தில் அமைந்தது. இது 21ஆம் மேளமாகிய கீரவாணியினின்று பிறந்தது. ஏறுநிரலில் ரிஷபமும் பஞ்சமமும் வாரா. இறங்குநிரலில் ஏழு சுரமும் வரும். ஏறுங்கால் தாவியும் இறங்குங்கால் படிப்படியாகவும் செல்லும் இவ்வமைப்பு ஏக்கத்திற்கு ஏற்றது. ஒலிப்பதிவின்போது தாம் பல இராகங்களை வாசித்துக் காட்டியதாகவும், எதுவும் நிறைவு தராத நிலையில் கல்யாணவசந்தத்தை வாசித்தவுடன் அது ஏற்கப்பட்டதாகவும் கோபால்நாத் கூறினார் என்பர். இராகத் தேர்விலேயே கருவியாளர்க்குப் பங்கு இருந்தமையை இச்செய்தி உணர்த்துகிறது.

சாக்சபோன் சாவிகளால் இயங்குவது. ஒவ்வொரு சாவியும் ஒரு நிலையான சுரத்தையே தரும். சுரங்களுக்கிடையே வழுக்கியும் அசைந்தும் செல்லும் கமகத்தை அதில் எழுப்புதல் அரிது. கோபால்நாத் கருவியில் சில மாற்றங்கள் செய்துகொண்டும், உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் ஏற்றத்தாழ்வாலும் அதனை வயப்படுத்தினார். அப்பாடலில் நம்மை உருக்குவது சுரங்களின் நிரல் மட்டுமன்று. ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழியுமாகும். அவ்வழி தாளில் எழுதப்பெறுவதில்லை.

எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். கோபால்நாத் பெயர் இப்படத்தோடு இணைத்துப் பேசப்படுவதற்குக் காரணம், அவர் பெயரோடு கூடத்திற்குள் வந்தமையே. கச்சேரி மேடை அவர்க்கு முன்னரே பெயர் ஈந்திருந்தது. மேடையில்லாதார்க்கு ஒலிப்பதிவுக் கூடம் பெயர் ஈந்ததில்லை. ஆதலின் அவரை இத்தொழிலாளர்தம் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது, அவர் புறனடை.

மெட்டின் உரையாசிரியர்

இதுகாறும் கண்டவற்றால் யாம் கருதுவது இது: கருவியாளர் மெட்டின் உரையாசிரியர். மூலம் இசையமைப்பாளருடையது, அதில் ஐயமில்லை. மூலத்தில் எழுதப்பெறாது குறிப்பாய் நிற்பதனை வெளிப்படுத்துவது உரை. எங்கு நிறுத்தல், எங்கு அழுத்தல், எதனை விரித்தல், எதனை விடுத்தல் என்பனவற்றை உரையாசிரியர் துணிகிறார். தாளிலுள்ள சுரத்திற்கு மூச்சளிப்பவர் செய்வதும் அதுவே. நாம் குறளைப் பரிமேலழகரோடு சேர்த்தே பயில்கிறோம். அவர் பெயரைக் கூறுவதால் வள்ளுவர் பெருமை குறைந்ததாக யாரும் கருதியதில்லை.

இதற்குத் தடை இரண்டு எழலாம். உரையாசிரியர் தாமே நூலைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டு பயின்று எழுதினார். கூலிக்கு வந்து ஒரு பொழுதில் வாசித்துச் செல்வாரை அவரோடு ஒப்பிடலாமோ என்பது ஒன்று. கருவியாளர் கூடத்தில் செலவிட்டது ஒரு பொழுதாயினும், அப்பொழுதிற்குப் பின்னே நிற்பது வாழ்நாட் பயிற்சி. கூலி பெற்றமையும் குற்றமாகாது. பரிசில் பெற்ற பாணரையும் புலவரையும் நாம் இழித்துரைப்பதில்லை.

நாற்பது ஐம்பது பேர் வாசிக்கும் பாடலில் அனைவரும் உரையாசிரியரோ என்பது மற்றொரு தடை. இத்தடையில் உண்மையுண்டு. பலர் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும் வயலின் கூட்டத்தில் ஒவ்வொருவர் தனித்தன்மையும் புலப்படாது. சாக்சபோன் பெரும்பாலும் தனித்தே ஒலிப்பது. ஒருவர் மூச்சு ஒருவர் மூச்சாகவே கேட்கப்படுவது. ஆதலின் எம் கருத்துத் தனித்தொலிக்கும் கருவியாளர்க்கு முழுமையாகவும், ஏனையோர்க்கு ஓரளவும் பொருந்தும்.

சட்டமும் வழக்கமும்

பெயர் குறித்தல் புகழ் பற்றியது மட்டுமன்று, வாழ்வு பற்றியதுமாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. பாடகர், கருவியாளர் முதலிய நிகழ்த்துநர்க்குத் தனியுரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் கிட்டியது. தம் நிகழ்த்துகைக்குத் தம் பெயர் சுட்டப்பெற வேண்டும் என்று கோரும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. ஆயின் அதே திருத்தம் நிகழ்த்துநர் என்பதன் வரைவிலக்கணத்தில் ஒரு விலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவர் பங்கு தற்செயலானதாகவோ சிறுதுணையாகவோ அமைந்து, தொழில் வழக்கின்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படுவதில்லையாயின், அவர் நிகழ்த்துநராகக் கருதப்படார். தம் நிகழ்த்துகை சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமை மட்டுமே அவர்க்கு எஞ்சும்.

பாடலின் இடையிசையைத் தனித்து நடத்தும் சாக்சபோன் சிறுதுணையா என்பது வாதத்திற்குரியது. ஆயினும் அவ்விலக்கின் ஒரு கால் வழக்கத்தின்மேல் ஊன்றி நிற்பதை நாம் நோக்க வேண்டும். பெயர் குறிக்காத வழக்கமே உரிமை மறுப்பதற்குக் காரணங்களுள் ஒன்றாகிறது. இசைத்தட்டு உறைமேல் தயாரித்தவர், உரிமையாளர், வெளியிட்ட ஆண்டு ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்று கூறும் அச்சட்டம், வாசித்தவர் பெயரை அங்கு வேண்டவில்லை. எனவே வழக்கத்தை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. வழக்கத்தை மாற்றுவதில் அறிஞர்க்கும் பங்குண்டு.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். கருவியாளர் ஆய்வில் விடுபடுதல் ஆய்வுப் பொருளின் இயல்பன்று; ஆய்வின் குறையே. பரிபாடற் பாட்டிற்கு மூன்று செய்திகளைக் கூறும் குறிப்பு அமைந்தது. திரைப்பாடலுக்கு யாம் நான்கு வேண்டுகிறோம்: பாடல் இன்னார், இசை இன்னார், பண் இது, தனித்தொலிக்கும் கருவி இன்னார். இனி வரும் ஆய்வேடுகள் தாம் எடுத்தாளும் ஒவ்வொரு பாடலுக்கும் இந்நான்கையும் அறிய முயலுமாயின் நன்று. ஏட்டில் இல்லாதவற்றை வாய்மொழியாற் பெறலாம். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், ஒலிப்பதிவோடும் ஒப்புநோக்கித் துணிதல், சுவடிகளின் பாடபேதம் ஆராய்ந்து பழகிய நமக்குப் புதிய வேலையன்று.

இதற்குக் காலமும் மிகுதியாக இல்லை. பலதடப் பதிவிற்கு முன் ஒரே கூடத்தில் வாசித்தோர் முதுமை எய்தி விட்டனர். இவ்வாண்டு எம் மாணவர் தம் தந்தையார் முன் பழைய பாடல்களை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, அவர் அடையாளங் காண்பவற்றைக் குறித்து வருகிறார். இதுவரை பதினொரு பாடல்களைத் தந்தையார் தம்முடையவை என்றார், மூன்றில் ஐயுற்றார், ஒன்றில், அது தம்முடன் வாசித்த நண்பருடையது என்று திருத்தினார். ஐயுற்றவற்றை ஐயுற்றவாறே எழுதுமாறும், நண்பர் பெயரை விடாது சேர்க்குமாறும் யாம் அறிவுறுத்தினோம்.